கறுப்பு மந்திரி நின்ற கட்டம்

அலுவலகத்தில் அவனுக்கு எழுத்து வைத்தியர் என்று பட்டப்பெயர். பழைய கணினிகளில் அடித்துவைத்த கோப்புகளை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்தால் உள்ளே தமிழ் இருக்காது. தொப்பி போட்ட ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் பேய் பிசாசு எழுதியதுபோல் ஏதோ இருக்கும். அவன் உட்கார்ந்து அதைத் தமிழாக்கித் தருவான். கால் உடைந்த எழுத்துக்குக் கால் வைப்பான். இடம் மாறி முளைத்த கொம்பைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுவான். இந்த மரியாதை எல்லாம் அலுவலக வாசலோடு சரி. மாமனார் வீட்டில் அவன் வெறும் மாப்பிள்ளை. நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் இது மாமனார் வீட்டுக் கதை.

மாமனார் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், சதுரங்கப் புதிர். ஆட்டம் ஆடுவது இல்லை, புதிர் கட்டுவது. பலகையில் பத்துப் பன்னிரண்டு காய்களை நிறுத்திவிட்டு, 'வெள்ளை மூன்றே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும், முடிந்தால் செய்து பார்' என்று உலகத்துக்கே சவால் விடுகிற வேலை. ஒரு புதிரைக் கட்ட ஒரு மாதம் கூட ஆகும். காசு ஒன்றும் வராது. பெயர் வரும், அதுவும் இதே பைத்தியம் பிடித்த சில நூறு பேர் மத்தியில்.

கட்டி முடித்த புதிரை மாமா பலகையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அத்தை கணினியில் அடிப்பார். விளக்கம் தமிழ் எழுத்துருவில். பலகைப் படம் தனியாக ஒரு சதுரங்க எழுத்துருவில். அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு காய். அழுத்தினால் எழுத்துக்குப் பதில் குதிரையோ யானையோ வந்து நிற்கும். அத்தைக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்று கேட்டால், 'அதுக்கு இஷ்டப்பட்டபடி போகும்' என்பார். ஆனால் தட்டச்சில் புலி. இருவருமாகச் சேர்ந்து எழுபது எண்பது புதிர்களை அப்படிச் சேர்த்துவைத்திருந்தார்கள்.

பிறகு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயிற்று. அதுவரை மாமா பத்திரிகைகளுக்குக் கையால் கட்டம் வரைந்துதான் தபாலில் அனுப்புவார். ஒரு பெரிய போட்டிக்கு மட்டும் கணினிக் கோப்பாகவே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். புதிர் அச்சில் வந்தது, நடுவரின் குறிப்போடு. 'கறுப்புக் குதிரை குறுக்கே வந்து தடுத்துவிடுகிறது. இந்தப் புதிருக்கு விடையே இல்லை. பெயர் பெற்ற ஒருவரிடமிருந்து இப்படி வந்தது வருத்தம்.' மாமா உடனே 'பிழை என்னுடையது' என்று பதில் எழுதிப்போட்டார். அத்தோடு பலகையைப் பெட்டியில் போட்டு மூடினார். கேட்டவர்களிடம் எல்லாம், 'மூளை வேலை செய்யலைப்பா, விட்டுட்டேன்' என்றார்.

இப்போது பல வருஷம் கழித்துப் புதிர்ச் சங்கத்துக்காரர்கள் அவருடைய புதிர்களை மொத்தமாகப் புத்தகம் போடுகிறோம் என்று வந்து நின்றார்கள். கோப்புகள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன, மாற்றித் தர ஆள் வேண்டும். ஆள் வேறெங்கே தேடுவது, வீட்டிலேயே வைத்தியர் இருக்கிறாரே. மாப்பிள்ளையும் பெருமையாகத்தான் ஒத்துக்கொண்டான்.

கோப்புகளை ஒரு குறுவட்டில் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு, மாமா பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுகிற மனிதர். ஏதோ இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு அப்போதே பட்டது. நிறுத்தத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, அந்தப் போட்டிப் புதிர் மட்டும் புத்தகத்துல வேண்டாம். நான் கறுப்பு மந்திரின்னு சொன்னேன். அவ குதிரைன்னு அடிச்சுட்டா. பாவம், கண்ணாடி மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டிருந்த நேரம். இன்னி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவா."

அதற்காகவா மாமா புதிர் கட்டுவதையே விட்டுவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டான். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். புதிதாக ஒன்று கட்டினால் அவள்தான் அடிக்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். அவளிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகச் சரிபார்த்தால், அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும். சரிபார்க்காமல் அனுப்பவும் இனிமேல் மனசு வராது. அதனால் மூளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாராம். அச்சில் குதிரையைப் பார்த்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்தும் பார்க்கவில்லையாம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். பேருந்தும் வந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது அத்தையின் போன். வழக்கமாக நலம் விசாரித்து, பேத்தியின் படிப்பை விசாரித்து, ஊர் உலகத்தை எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு நேரே வந்துவிட்டார்.

"மாப்ள, அந்தப் போட்டிக்கு அனுப்பின புதிர் இருக்கே, அதைச் சத்தமில்லாம எடுத்துடுங்க. எனக்கு ஆடத் தெரியாது, ஆனா காது நல்லாத்தான் கேக்கும். அவர் வாயில என்ன வந்துதோ அதைத்தான் அடிச்சேன். குதிரைன்னுதான் சொல்லியிருப்பார். அப்பதான் சாவியை எங்க வச்சோம்னு தெரியாம தேட ஆரம்பிச்சிருந்தார். அப்புறம் அவரே மூளை வேலை செய்யலைன்னு சொன்னதும் எனக்கு உறுதியாயிடுச்சு."

அன்றிலிருந்து தினமும் அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவருகிறாராம். காலையில் எழுந்ததும், தெரியாததுபோல் 'இன்னிக்கு என்ன கிழமை' என்று கேட்டுவைப்பாராம். சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது நிம்மதி. அந்தப் பழைய கோப்பை ஒரு தரமாவது திறந்து பார்த்தீர்களா அத்தை என்று மாப்பிள்ளை கேட்டான். திறக்கவே இல்லை என்றார். திறந்தால் குதிரைதான் இருக்கும், அவர் தடுமாறியதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும், அதை வேறு இந்தக் கண்ணால் பார்க்க வேண்டுமா என்றார். அவரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார்.

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் ஒரே புதிரை ஒளித்துவைக்கச் சொல்கிறார்கள். ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்பது நிச்சயம், அது யார் என்பதுதான் கேள்வி. அத்தை என்றால் மாமா இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியது நியாயம். மாமா என்றால் அத்தையின் பயம் நியாயம். எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒருவர் அழுவார். சரி, நமக்கெதற்கு வம்பு, புதிரை எடுத்துவிடுவோம் என்று சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டான்.

செயலாளர் ஒரு கறார் பேர்வழி. நல்லவர்தான், ஆனால் சட்டத்தைக் கரைத்துக் குடித்த நல்லவர். முழுத் தொகுப்பு என்று போட்டுவிட்டு ஒன்றை மறைத்தால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்றார். அந்தப் புதிரும் வர வேண்டும், கீழே 'விடை இல்லை, ஆக்கியவர் பிழை' என்று குறிப்பும் வர வேண்டும். இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, அச்சில் வந்த பழைய பக்கங்களின் படங்களையும் அனுப்பிவைத்தார். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. அப்படியானால் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியதெல்லாம் அந்தக் குறுவட்டிலேயே கிடந்து மட்கட்டும் என்கிறார் மனிதர்.

செயலாளரிடம் பதில் சொல்ல அந்த வாரம் முடியும்வரை தவணை வாங்கிக்கொண்டு, வேலையையாவது முடித்துவைப்போம் என்று உட்கார்ந்தான். தமிழ்ப் பகுதி பெரிய கஷ்டம் இல்லை. பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் நிற்கும், அதைத் தூக்கிப் பின்னால் போட வேண்டும், அவ்வளவுதான். பலகைப் படம்தான் உயிரை வாங்கியது. எழுத்தை மாற்றித் தரும் நிரலுக்கு அது சதுரங்கம் என்று தெரியுமா என்ன? அதையும் தமிழ் என்று நினைத்துக்கொண்டு, ராஜா ராணி எல்லாரையும் ஙகரமும் ளகரமுமாக்கிக் கொட்டிவிட்டது. எட்டு வரியும் தூக்கத்தில் உளறியதுபோல் இருந்தன. மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தான். படங்களை மட்டும் தனியே பிரித்து, மாற்றாமல் அப்படியே விட்டான்.

இனி அந்தச் சதுரங்க எழுத்துரு வேண்டும். கோப்பில் அதன் பெயர் இருந்தது, எழுத்துரு அவனிடம் இல்லை. அலுவலகத்துப் பழைய சேமிப்பில் தேடித் துழாவி, அதே பெயரில் ஒன்றைப் பிடித்துப் போட்டான். பலகைகள் பளிச்சென்று வந்துவிட்டன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவன், முதல் பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதல் பக்கத்தில் புதிர் எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்காக, ஆட்டம் தொடங்கும்போது காய்கள் எப்படி நிற்கும் என்று காட்டுகிற படம். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரிசை. ஓரத்தில் யானை, பக்கத்தில் குதிரை, அடுத்து மந்திரி. வெள்ளைப் பக்கம் அப்படித்தான் நின்றது. கறுப்புப் பக்கத்தில் மட்டும் யானைக்குப் பக்கத்தில் மந்திரி நின்றது, குதிரை உள்ளே போய் ராஜா ராணிக்குப் பக்கத்தில் நின்றது. இடமும் அப்படி, வலமும் அப்படி.

அத்தை தப்பாக அடித்துவிட்டார் போலிருக்கிறது, மாமா சொன்னதுதான் சரி என்று முதலில் நினைத்தான். அப்படி நினைத்தபோதே மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினான். அச்சில் வந்த படங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தான். கையால் வரைந்து அனுப்பிய புதிர்களில் எல்லாம் அச்சில் மந்திரி இருக்கும் இடத்தில் திரையில் குதிரை, குதிரை இருக்கும் இடத்தில் மந்திரி. கறுப்புக் காய்களில் மட்டும், ஒன்று விடாமல். ஒரு மனுஷி தப்பு செய்தால் அங்கொன்று இங்கொன்றாகச் செய்வாள். இப்படி ஒழுங்காக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே தப்பைச் செய்ய மனுஷியால் முடியாது. எழுத்துருதான் செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒன்றும் சொல்லாமல் மாமனார் வீட்டுக்குப் போனான். பழைய கணினி வேண்டும் என்று மட்டும் கேட்டான். துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து, பழைய போர்வை சுற்றி அது வெளியே வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் லாரி கிளம்புவதுபோல் ஒரு சத்தம் போட்டது, பிறகு உயிர் வந்தது. மாமா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அத்தை துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இரண்டு பேரும் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

சதுரங்க எழுத்துரு உள்ளே இருந்தது. பெயர் அதே பெயர், ஆனால் இது முதல் பதிப்பு. அலுவலகத்தில் இவன் பிடித்தது அதைச் செய்தவரே பிற்பாடு வெளியிட்ட இரண்டாம் பதிப்பு. மாப்பிள்ளை அந்தப் போட்டிப் புதிரைத் திறந்தான். பலகையின் நடுவில், அச்சில் குதிரை நின்ற அதே கட்டத்தில், கறுப்பு மந்திரி நின்றது. தன்னுடைய மடிக்கணினியில் அதே கோப்பை இரண்டாம் பதிப்பில் திறந்தான். அதே கட்டத்தில் கறுப்புக் குதிரை. அடித்த எழுத்து இரண்டிலும் ஒன்றேதான், உருவம் மட்டும்தான் வேறு. எழுத்துருவைச் செய்தவர் எதற்காகவோ அந்த இரண்டு காய்களின் விசைகளையும் இடம் மாற்றிவிட்டிருக்கிறார். அச்சகத்தில் புதிய பதிப்பு இருந்திருக்கிறது. பலகை ஒழுங்காகத் தெரிந்ததால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோப்பாகப் போனது அந்த ஒரு புதிர்தான், அகப்பட்டுக்கொண்டதும் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மாமா சரியாகச் சொல்லியிருக்கிறார். அத்தை சரியாக அடித்திருக்கிறார். வீட்டில் யாரும் அழ வேண்டியதில்லை. இரண்டு சத்தியத்தையும் ஒரே நேரத்தில் மீறுவது என்று முடிவுசெய்தான், வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவன் சத்தியத்தை மீறியதில்லை. இருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்து, இரண்டு திரைகளையும் அருகருகே திருப்பிக் காட்டினான். எழுத்துரு செய்த வேலையை முதலிலிருந்து விளக்கினான். அத்தை சொன்னதை மாமாவிடமும் மாமா சொன்னதை அத்தையிடமும் போட்டு உடைத்தான்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நான் தப்பா அடிச்சேன்னு நினைச்சுக்கிட்டா இத்தனை வருஷம் என்கூட குடும்பம் நடத்தினீங்க?" என்றார் அத்தை.

"நீ மட்டும் என்ன? எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னுல்ல நினைச்சிருக்கே!" மாமா சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ தினம் காலையில என்ன கிழமைன்னு கேட்டது அதுக்குத்தானா? உனக்குத்தான் மறதி வந்துடுச்சுன்னு நினைச்சு, நான் பொறுமையா பதில் சொல்லிட்டிருந்தேன்."

அத்தை முதலில் முறைத்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது, கூடவே கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. மாமாவும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அத்தை சொல்ல, நீ கேட்டிருக்கலாமே என்று மாமா சொல்ல, அதற்கப்புறம் நடந்தது இத்தனை வருஷம் பாக்கி வைத்திருந்த சண்டை. பொறுமையாகப் பதில் சொன்ன மூஞ்சியைப் பாரு என்றார் அத்தை. கண்ணாடியை அன்றைக்கே மாற்றியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது என்றார் மாமா. மாப்பிள்ளை இரண்டு கணினிகளையும் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி, அடிபடாமல் காப்பாற்றினான்.

செயலாளருக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் அனுப்பினான். அவர் சும்மா நம்புகிற ஆள் இல்லையே. கறுப்பு மந்திரியை வைத்துத் தானே பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கூப்பிட்டார். மூன்றே நகர்த்தலில் விடை கிடைக்கிறது, வேறு வழியே இல்லை, சுத்தமான புதிர் என்றார். புத்தகத்தில் இதுதான் முதல் புதிராக வரும், கீழே பிழை யாருடையது என்ற குறிப்பும் வரும், அதைத் தன் கையாலேயே எழுதுகிறேன் என்றார். மாமாவிடம் பேச வேண்டும் என்று போன் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் பேசி முடிக்க மதியமாகிவிட்டது என்று அத்தை பிற்பாடு சொன்னார்.

புத்தக வேலை முடிகிற சமயத்தில், அட்டைப் படத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று மாப்பிள்ளை ஒருநாள் மாமனார் வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசையில் பலகை விரித்திருந்தது, அவன் பார்த்தே இராத ஒரு நிலையில் காய்கள் நின்றன. மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அத்தை புதுக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தார். வந்தவனைக் கண்ணால் உட்காரச் சொன்னார்களே தவிர, வேலையை நிறுத்தவில்லை.

கடைசிக் காயையும் சொல்லி முடித்த மாமா, எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு அத்தையின் பின்னால் போய் நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்கினார். தொண்டையைச் செருமினார்.

"சரியா அடிச்சியா?"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க சரியா சொன்னீங்களா?"

பிறகு இருவரும் திரைக்கு முன்னால் தலையோடு தலை முட்டாத குறையாகக் குனிந்து, மேல் வரிசையிலிருந்து கட்டம் கட்டமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளைச் சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றது. சொன்னதில் தப்பா, அடித்ததில் தப்பா என்று மாமாவும் அத்தையும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையையும் தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டார்கள், அவன் பிடி கொடுக்கவில்லை. அன்றைக்கு அவன் கிளம்புகிறவரை அது யார் தப்பு என்று முடிவாகவே இல்லை. சிப்பாயை மட்டும் உடனே திருத்திவிட்டார்கள்.